ஆபாசம் இல்லை, அதனால் குடும்பப் படமா?



வெள்ளிக்கிழமை மாலையானால் நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "புதுப் படம் வந்திருக்காமே, குடும்பத்தோட பாக்கலாமா?" அண்ணன் தம்பியைக் கேட்பார். அண்ணி நாத்தனாரைக் கேட்பார். வாட்சாப் குழுவில் ஒருவர் கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "தாராளமா போங்க, ஒரு அசிங்கமும் இல்ல."

'அசிங்கம்' என்று நம்மவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். முத்தக் காட்சி, அரைகுறை ஆடைப் பாட்டு, இரட்டை அர்த்த வசனம். வீட்டில் படம் ஓடும்போது கதாநாயகன் கதாநாயகியின் முகத்தருகே குனிந்தால் போதும், அப்பாவின் கை தானாக ரிமோட்டைத் தேடும். அம்மா உடனே, "போய் அம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டு வா" என்று பிள்ளையைச் சமையலறைக்கு அனுப்புவார். அதே படத்தில் பத்து நிமிடம் கழித்து வில்லன் ஒருவனின் கழுத்தை அறுப்பான். அப்போது அந்த ரிமோட் மேசை மேல் அசையாமல் கிடக்கும்.

இந்தச் சல்லடையில் வெகு சுலபமாக நழுவிப் போகிறவை பேரிடர்ப் படங்கள். வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி, தீப்பிடித்த கட்டடம், பூமியை நோக்கி வரும் வால்நட்சத்திரம். இவற்றில் குத்தாட்டப் பாட்டுக்கு இடமில்லை. குடும்பப் பாசம் உண்டு, தியாகம் உண்டு, முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுப்பது உண்டு. நம் அளவுகோலின்படி பார்த்தால் இதைவிடச் சிறந்த குடும்பப் படம் வேறு இல்லை. ஆனால் அன்றிரவு பிள்ளை தனியே படுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தால், மறுநாள் பள்ளி வேனில் ஏறும்போது அம்மாவின் கையை விட மறுத்தால், யாரும் அந்தப் படத்தைச் சந்தேகிப்பதில்லை. "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு" என்று பாட்டி சொல்வார், காரியம் அத்துடன் முடிந்துவிடும்.

இவ்வகைப் படங்கள் நேற்று முளைத்தவை அல்ல. 1972இல் வந்த 'தி பொசைடன் அட்வென்ச்சர்', 1974இல் வந்த 'தி டவரிங் இன்ஃபெர்னோ' இரண்டும் உலகமெங்கும் கூட்டத்தைத் திரட்டின. 1974ஆம் ஆண்டு வந்த 'எர்த்குவேக்' படத்துக்கு 'சென்சரவுண்ட்' என்று ஓர் ஏற்பாட்டையே செய்தார்கள். திரையரங்கில் பெரிய பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து, காதுக்கு எட்டுவதைவிட உடம்புக்கு எட்டுகிற தாழ்ந்த அதிர்வைக் கிளப்பி, உட்கார்ந்திருக்கும் நாற்காலியே ஆடுவதுபோல் செய்தார்கள். இன்றைய நவீன அரங்குகளில் அந்த வேலையைச் சாதாரணமாகவே செய்ய முடிகிறது. பேரிடர்ப் படத்தின் உயிர் ஒலியில் இருக்கிறது. "பயமா இருந்தா கண்ண மூடிக்கோ" என்று சொல்லும் பெற்றோர், காதை மூட வழியில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சான்றிதழ் எதைச் சொல்கிறது?

நம் நாட்டில் படங்களைப் பார்த்து வகைப்படுத்துவது உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் திரைப்படத் தணிக்கை வாரியம். 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்படி அது செயல்படுகிறது. முன்பெல்லாம் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான படமென்றால் காரணமும் கூடவே வரும். 18எஸ்ஜி என்றால் பயங்கரம், வன்முறை. 18எஸ்எக்ஸ் என்றால் பாலியல் காட்சிகள். அரசியல், சமயம் சார்ந்தவற்றுக்கு 18பிஏ. இவை கலந்து வந்தால் 18பிஎல். 2012இல் நான்கையும் ஒன்றாக்கி வெறும் 18 என்று வைத்தார்கள். பார்க்க எளிமைதான், ஆனால் 'ஏன் 18' என்ற விவரம் சுவரொட்டியிலிருந்து மறைந்தது. 2023 ஆகஸ்டு முதல் பி12, 16 போன்ற புதிய பிரிவுகள் வந்தன. இந்தியாவிலும் 2024இல் யூ/ஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். எல்லாம் நல்ல மாற்றங்கள்தான்.

ஆனால் பி12 என்பதன் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பதுதான் அது. அதாவது, "எங்கள் வேலை முடிந்தது, இனி உங்கள் பிள்ளையை நீங்கள் பாருங்கள்" என்று வாரியம் பந்தைப் பெற்றோரிடமே திருப்பி எறிகிறது. நம்மவர்களோ அதை நுழைவு அனுமதி என்று எடுத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பாப்கார்ன் சாப்பிடுவதுதான் வழிகாட்டுதல் என்று நினைத்துவிடுகிறார்கள். இணையத் தளங்கள் வழியாக வீட்டுக்குள் வரும் படங்கள் அந்த வாரியத்தின் கண்ணில் படுவதுகூட இல்லை. அங்கே பெற்றோர்தான் தணிக்கை வாரியம்.

இன்னொன்றும் உண்டு. சான்றிதழ் கொடுப்பவர்கள் திரையில் இருப்பதைத்தான் எடை போட முடியும். இரத்தம் எவ்வளவு, கெட்ட வார்த்தை எத்தனை என்று கணக்கிடலாம். சோபாவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மனத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை எந்த வாரியமும் எடை போட முடியாது.

ஒரே படம், மூன்று பிள்ளைகள்

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு வீட்டை மனத்தில் வைத்துப் பாருங்கள். கற்பனை வீடுதான், ஆனால் அதுபோல் பல வீடுகள் அங்கே உண்டு. அவசரகாலத்தில் புதுக்கிராமமாகத் தொடங்கி, இன்று அடுக்குமாடிகளும் பேரங்காடிகளுமாக நிற்கும் ஊர் அது. பக்கத்தில் இருக்கும் மைன்ஸ் ஏரி ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்று. அப்பா கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் இரவு வேலை. மகள் ஐந்தாம் ஆண்டு மாணவி. மகனுக்கு ஆறு வயது, பாலர் பள்ளி. பள்ளி விடுமுறைக்கு ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலிருந்து அத்தை மகன் வந்திருக்கிறான். அவனுக்கும் பதினொரு வயதுதான்.

வீட்டில் '2018' படத்தைப் போடுகிறார்கள். ஜூட் ஆண்டனி ஜோசப் இயக்கி 2023 மே மாதம் வெளிவந்த மலையாளப் படம் அது, தமிழிலும் பேசியது. 2018 ஆகஸ்டில் கேரளாவை மூழ்கடித்த வெள்ளத்தைப் பற்றிய கதை. அந்த வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடல் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்கள். அந்த ஆண்டு ஆஸ்கார் போட்டிக்கு இந்தியா அனுப்பிய படமும் இதுதான். நல்ல படம், மதம் சாதி பார்க்காமல் மனிதர்கள் கைகோத்த கதை. அம்மா நிம்மதியாகச் சொல்கிறார், "பாருங்கடா, ஒரு அசிங்கமும் இல்ல, நல்ல படிப்பினை இருக்கு."

இப்போது மூன்று பிள்ளைகளையும் பாருங்கள். சின்னவன் படகைக் கண்டால் குதிக்கிறான், ஹெலிகாப்டர் வந்தால் கை தட்டுகிறான். இடையில் தூங்கியும் போகிறான். மகள் அசையாமல் பார்க்கிறாள். இரவு எட்டு மணிக்குத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறும் காட்சி வரும்போது அவள் கேட்பது ஒரே கேள்வி. "அம்மா, இப்படி வந்தா அப்பா எங்க இருப்பாரு?" அப்பா அந்த நேரத்தில் லாரியில் இருக்கிறார். அத்தை மகன் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து கழிவறைக்குப் போகிறான். திரும்பி வருகிறான். மறுபடியும் போகிறான். மூன்றாவது முறை போனவன் சமையலறையிலேயே நின்றுவிடுகிறான்.

2021 டிசம்பர் 18ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஓரிரு நாளில் கொட்டியது. தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் உட்கார்ந்து படகுக்காகக் காத்திருந்தார்கள். அந்த டிசம்பர் வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று ஏழு வயதில் மேல்மாடிச் சன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு '2018' ஒரு படமா? கேரளாவின் கதை அவனுக்குத் தன் வீட்டின் கதை. சின்னவனுக்குப் பொருத்தமான படம், அக்காவுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் பொருத்தமான படம், அத்தை மகனுக்கு இன்றைக்கு வேண்டாத படம். மூவருக்கும் சான்றிதழ் ஒன்றுதான்.

வெள்ளம் மட்டுமல்ல. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில், புத்ரா ஹைட்சில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்து எழுந்த நெருப்பைப் பல கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்களும் பார்த்தார்கள். யாரும் உயிரிழக்கவில்லை என்பது பெரிய ஆறுதல், ஆனால் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர், வீடுகள் கருகின. 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியற்காலை பத்தாங்காலியில் முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து, சிறுவர்கள் உட்பட 31 பேர் மாண்டனர். பள்ளி விடுமுறைக்குக் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் அவை. இப்படிப்பட்ட செய்திகளுக்கிடையில் வளரும் பிள்ளைகளுக்கு, பூமி பிளப்பதும் தீ எழுவதும் தொலைதூரக் கற்பனை அல்ல.

பெரிய பிள்ளைகளுக்குத்தான் பயம் அதிகம்

"சின்னப் பிள்ளைங்கதான் பயப்படும், பெரியவளுக்கு என்ன" என்று நாம் நினைக்கிறோம். இது எப்போதும் சரியல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் கேன்டர், பிள்ளைகளும் திரையும் பயமும் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1983 நவம்பரில் அங்கே 'தி டே ஆஃப்டர்' என்ற தொலைக்காட்சிப் படம் ஒளிபரப்பானது. அணுகுண்டு விழுந்த பிறகு ஒரு நகரம் என்ன ஆகும் என்பது கதை. பிள்ளைகள் நடுங்கிப் போவார்கள் என்று ஊரே பதறியது. பிறகு கேன்டர் குழுவினர் குடும்பங்களிடம் விசாரித்தபோது, மிகச் சிறிய பிள்ளைகள்தான் மிகக் குறைவாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். வயது ஏற ஏறக் கலக்கமும் ஏறியிருந்தது.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். ஐந்து ஆறு வயதுப் பிள்ளை கண்ணுக்குத் தெரியும் கோரத்துக்குப் பயப்படும். பேய் முகம், உருமாறும் மனிதன், திடீரென்று பாயும் மிருகம், இவைதான் அதற்குப் பயம். ஒன்பது பத்து வயதானால் பேய்க்குச் சிரிக்கத் தொடங்கிவிடும், ஆனால் 'இது நிஜமாக நடக்கும்' என்று புரிந்துகொள்ளும் அறிவும் வந்துவிடும். பேரிடர்ப் படம் குறி வைப்பது அந்த அறிவைத்தான். ஆகவே ஆறு வயதுத் தம்பியை வீட்டில் விட்டுவிட்டுப் பதினொரு வயது அக்காவைத் தைரியமாக அழைத்துப் போகும் பெற்றோர், சில சமயம் தவறான பிள்ளையைப் பாதுகாக்கிறார்கள்.

ஆறுதல் சொல்லும் முறையும் வயதுக்கேற்ப மாறும். சின்னவனுக்கு மடி போதும், ஒரு கோப்பை மைலோ போதும். "இதெல்லாம் பொய்டா" என்ற விளக்கம் அவனுக்குப் பெரிதாக உதவாது. பெரியவளுக்கு மடி போதாது, விவரம் வேண்டும். "நம்ம வீடு எந்த மாடி, தண்ணி எந்த ஆத்துலேர்ந்து வரும், அப்பா லாரி எங்க நிக்கும், போன் எடுக்கலன்னா யார் வீட்டுக்குப் போகணும்" என்று உட்கார்ந்து பேசினால் அவள் தூங்குவாள். "அதெல்லாம் இங்க நடக்காது" என்று சொன்னால் தூங்க மாட்டாள். அது நடந்ததை அவள் செய்தியில் பார்த்திருக்கிறாள்.

பதின்ம வயதுப் பையன்கள் விஷயம் வேறு. 2024 பிப்ரவரியில் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தை நம் மக்கள் கொண்டாடினார்கள். 2006ஆம் ஆண்டு கொடைக்கானல் குணா குகையில், கொச்சிப் பக்கத்திலிருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் ஆழமான பிளவுக்குள் விழுந்துவிட, இன்னொரு நண்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி மீட்ட உண்மைச் சம்பவம். சிதம்பரம் இயக்கிய படம். நட்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனால் படிவம் மூன்று, நான்கு படிக்கும் பையன்கள் அதைப் பார்த்து எதை எடுத்துக்கொள்கிறார்கள்? தடுப்பு வேலியைத் தாண்டிப் போனதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்பது படத்திலேயே தெளிவாக இருக்கிறது. இருந்தும் படம் ஓடிய பிறகு குணா குகைக்குக் கூட்டம் பெருகியது, தடை செய்யப்பட்ட பகுதிக்குள் நுழைந்தவர்கள் பிடிபட்ட செய்தியும் வந்தது. அந்த வயதில் பிரச்சினை பயம் இல்லை, பயம் இல்லாமல் போவது. குடித்துவிட்டு மலையேறும் காட்சிகள் வேறு. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் குழி கனவில் வரும், பதினாறு வயதுப் பையனுக்கு அந்தக் குழி செல்பி எடுக்கும் இடமாகத் தெரியும். இரண்டுக்கும் அப்பா அம்மா வேறு வேறு பேச்சுப் பேச வேண்டும்.

முடிவைக் கேட்டுவிட்டுப் போங்கள்

"முடிவைச் சொல்லிடாத, சுவாரசியம் போயிடும்" என்பது படம் பார்ப்பவர்களின் எழுதாத சட்டம். பெற்றோர் அந்தச் சட்டத்தை மீற வேண்டும். பேரிடர்ப் படத்தில் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது முடிவைத்தான். யார் சாகிறார்கள்? '2018' படத்தில் டொவினோ தாமஸ் நடித்த பாத்திரம், பிள்ளைகள் முழுப் படமும் பின்தொடர்ந்து நேசித்த அந்த இளைஞன், கடைசியில் உயிரோடு இல்லை. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கதாநாயகன் சாவது பெரிய அதிர்ச்சி. கதாநாயகனாலேயே தப்ப முடியவில்லை என்றால் சாதாரண அப்பா எப்படித் தப்புவார் என்று அதன் கணக்குப் போகும்.

கோபி நயினார் இயக்கி 2017இல் வந்த 'அறம்' இதற்கு நேர் எதிர். ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த சிறுமியை மீட்கும் கதை. பார்ப்பவர் மூச்சு திணறும் அளவுக்கு நெருக்கடி. ஆனால் பிள்ளை உயிரோடு வருகிறாள், அதுவும் அவள் அண்ணனையே கயிற்றில் இறக்கி மீட்கிறார்கள். இரத்தக்களரி இல்லை, கேள்வி கேட்கும் துணிச்சல் இருக்கிறது, மாவட்ட ஆட்சியராக ஒரு பெண் நிற்கிறார். எட்டு ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத் தகுந்த படம் என்று துணிந்து சொல்லலாம்.

அதே கதை நிஜமாக நடந்தபோது என்ன ஆனது? 2019 அக்டோபர் 25ஆம் தேதி மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயது ஆண் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். 27ஆம் தேதி தீபாவளி. தமிழ்நாட்டுச் செய்தி அலைவரிசைகள் இரவும் பகலும் நேரலை காட்டின. இங்கேயும் எத்தனையோ வீடுகளில் பலகாரத் தட்டுக்கு எதிரே அந்த நேரலை ஓடியது. புத்தாடை உடுத்திய பிள்ளைகள் வரவேற்பறையில் விளையாடிக்கொண்டே பார்த்தார்கள். 29ஆம் தேதி அதிகாலை உயிரற்ற உடலைத்தான் எடுத்தார்கள். 'அறம்' பார்க்கப் பிள்ளைக்கு வயதாகிவிட்டதா என்று யோசித்த எந்தப் பெற்றோரும், அந்த நான்கு நாள் நேரலைக்கு அப்படி யோசிக்கவில்லை. செய்திக்குச் சான்றிதழ் கிடையாது. படத்துக்கு இரண்டரை மணி நேரத்தில் 'முற்றும்' வரும், செய்தி அதே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டும். சிறு பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் அது புதிதாக நடப்பதுபோல் தோன்றும். குடும்பத்துக்கு ஏற்ற படமா என்று விவாதிக்கும்போது குடும்பத்துக்கு ஏற்ற செய்தியா என்ற கேள்வியையும் விட்டுவிட முடியாது.

முடிவுக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டியது, பிள்ளை பெற்றோரைப் பிரிகிறதா என்பது. இரத்தத்தைவிட இதுதான் பிள்ளையை உலுக்கும். 2020இல் வந்த 'கிரீன்லேண்ட்' என்ற ஆங்கிலப் படம் வால்நட்சத்திரத்தின் துண்டுகள் பூமியில் விழும் கதை. படுக்கையறைக் காட்சி எதுவும் உறுத்தாது, நம் சல்லடையில் நிச்சயம் தேறும். ஆனால் அதில் வரும் ஏழு வயது மகனுக்கு நீரிழிவு. பாதுகாப்பு முகாமுக்கு அழைக்கப்பட்ட குடும்பம், மகனின் நோயைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்படுகிறது. பிறகு அந்தப் பிள்ளையையே வேறு ஒரு தம்பதி பறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அடிக்கடி இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு பிள்ளை நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கலாம். வால்நட்சத்திரம் அதற்கு ஒன்றுமில்லை. 'நோய் இருந்தால் என்னை ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்' என்பதுதான் அது எடுத்துக்கொள்ளும் சேதி. இதை எந்த எழுத்தும் எண்ணும் எச்சரிக்காது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் சிக்கிப் பிரிந்த ஒரு ஸ்பானியக் குடும்பத்தின் உண்மைக் கதையை வைத்து 2012இல் வந்த 'தி இம்பாசிபிள்' படமும் இப்படித்தான். குடும்பம் கடைசியில் ஒன்றுசேர்கிறது, ஆனால் தாயின் காயங்களைப் பெரியவர்களே பார்க்கச் சிரமப்படுவார்கள். அதே சுனாமியைத்தான் 2008இல் வந்த 'தசாவதாரம்' தன் கதை முடிச்சை அவிழ்க்கப் பயன்படுத்திக்கொண்டது. கிருமியை அழிக்கக் கடல் உப்பு வேண்டியிருந்தது, கடல் பொங்கி வந்தது. கமல்ஹாசனின் பத்து வேடங்களைப் பற்றி இங்கே குறை சொல்வதற்கில்லை, அது வேறு கச்சேரி. ஆனால் மலேசியாவிலேயே 68 பேரைப் பலி கொண்ட அலை அது. அந்த ஞாயிற்றுக்கிழமை பினாங்குக் கடற்கரைக்கு உல்லாசமாகப் போன குடும்பங்கள் அதில் உண்டு. நான்கே ஆண்டில் அந்த அலை ஒரு கதைக்குத் தீர்வாக வந்ததை, உறவைப் பறிகொடுத்த ஒருவர் அரங்கில் உட்கார்ந்து எப்படிப் பார்த்திருப்பார்? 1993 டிசம்பர் 11ஆம் தேதி 48 உயிர்களைக் கொண்டு போன ஹைலேண்ட் டவர்ஸ், இருபது ஆண்டு கழித்து 'ஹைலேண்ட் டவர்' என்ற பேய்ப் படமானதும் இதே வகை. பயம் விலை போகும், துக்கம் விலை போகாது என்பது சினிமாக்காரர்களின் கணக்கு.

இவ்வளவும் சொன்னதால் பேரிடர்ப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டவே கூடாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே 2004 சுனாமியில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி புக்கெட் தீவின் கடற்கரையில் நின்றிருந்தாள். கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் சுனாமியைப் பற்றிப் பாடம் நடந்தது, ஹவாய் சுனாமியின் படக்காட்சியை ஆசிரியர் காட்டியிருந்தார். அவள் கத்திக் கூச்சலிட்டுப் பெற்றோரை எச்சரித்தாள், கடற்கரையே காலியானது. சுமார் நூறு பேர் தப்பினார்கள். ஒரு பேரிடரைத் திரையில் பார்த்ததுதான் அந்தப் பிள்ளைக்கு உதவியது. கூடவே அதை நிறுத்தி நிறுத்தி விளக்க ஒரு பெரியவரும் இருந்தார். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் பிள்ளைக்கு வெள்ளத்தைப் பற்றித் தெரியத்தான் வேண்டும்.

அதற்கு வீடுதான் நல்ல இடம். விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒலியைக் குறைத்து, வேண்டிய இடத்தில் நிறுத்தி, "இந்த வீட்டுல மொதல்ல எதை மேல ஏத்தியிருக்கணும்?" என்று பிள்ளையைக் கேட்டுப் பார்க்கலாம். பயம் வேலையாக மாறும். பெற்றோர் ஒருவர் முன்கூட்டியே படத்தைப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது. இரவு பத்து மணிக்குப் பிறகு வேண்டாம். பார்த்த கையோடு தூங்கப் போகிற பிள்ளை அந்தக் காட்சியைத் தலையணைக்கு எடுத்துப் போகும்.

திரையரங்குக்குத்தான் போவது என்றால் கடைசி இருக்கைகளை, நடைபாதை ஓரமாக எடுங்கள். பாதியில் எழுந்து வருவதை நம்மவர்கள் பெரிய அவமானமாக நினைக்கிறார்கள். நாலு பேருக்கு டிக்கெட், பாப்கார்ன், வாகன நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் நூறு வெள்ளியைத் தொடும், அதை விட்டுவிட்டு வர மனம் வராது. "இன்னும் அரை மணி நேரந்தான், கண்ண மூடிக்கோ" என்று பிள்ளையை உட்கார வைப்பார்கள். அந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான் அணை உடையும்.

குடும்பம் என்றால் பிள்ளைகள் மட்டுமா? அந்த ஸ்ரீ கெம்பாங்கான் வீட்டில் பாட்டியும் இருக்கிறார். 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கியபோது அவருக்குப் பத்து வயது. அந்த வெள்ளத்தில் 32 பேர் மாண்டார்கள். அரிசி டின்னைப் பரண் மேல் ஏற்றிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்ததை அவர் பலமுறை சொல்லியிருப்பார், யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். "என்னத்துக்கு இந்தத் தண்ணிப் படம்" என்று அவர் முணுமுணுத்தால், வயதானவருக்குச் சினிமா பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்குப் படத்தை நிறுத்தி விளக்க அவரைவிடத் தகுந்தவர் அந்த வீட்டில் இல்லை. அவருக்கே பார்க்க மனமில்லை என்றால், சின்னவனை அழைத்துக்கொண்டு அதே வளாகத்தில் ஓடும் வேறு படத்துக்குப் போகட்டும். வாங்குகிற டிக்கெட் எல்லாம் ஒரே படத்துக்குத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.